சனிக்கிழமை நாலு மணிக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன்

தம்பி,

நேற்று நீ ரெலிபோனில் சொன்னதற்கெல்லாம் நான் "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. காதில் விழுகிறது என்று காட்டச் சொன்ன ஓம் அது. நீ சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அம்மா, பொம்பிளை வீட்டார் சனிக்கிழமை நாலு மணிக்கு வருகினம். பொழுது போக என்ன செய்யிறனீங்கள் எண்டு கேட்டா, வேதப்புத்தகம் வாசிக்கிறனான், சபை வேலையள் பாக்கிறனான் எண்டு சொல்லுங்கோ. உந்தப் பூதக் கதையளை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டிவிடுங்கோ. உங்கடை வயசிலை ஆரும் உப்பிடித் திரியினமே? சனம் கதைக்குது." அதற்குப் பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ஒரு மீன்காரனோடை ஒரே வாங்கிலை இருந்து கதைப்புத்தகம் கதைக்கிறியளாம்" என்றாய். ரெலிபோனில் நான் மறுமொழி சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை நாலு மணிக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த நேரம் எங்கே இருப்பேனோ அங்கேதான் இருப்பேன்.

சனம் கதைக்கட்டும். நாங்களும் கதைக்கத்தான் கூடுகிறோம். உனக்கு யாரோ இதை ஏதோ ஒளித்துச் செய்கிற வேலை மாதிரிச் சொல்லியிருக்கிறார்கள் போல, ஆகையால் என்ன நடக்கிறது என்று நானே சொல்லிவிடுகிறேன். சந்தியில் இருக்கிற வாசிகசாலையின் பின் விறாந்தையில், நீட்டு வாங்கிலும் கதிரைகளிலுமாக ஏழெட்டுப் பேர் இருப்போம். ஆளுக்காள், இப்போது என்ன வாசித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். வீரம், சாகசம், மாயம் இவைதான் எங்கள் பங்கு. அழுகிற குடும்பக் கதைகளுக்கு வேறு நாள் பாருங்கள் என்று நவம் சொல்லிவிட்டார். நவம் முப்பது வருசம் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர், வாள் சண்டை இல்லாத புத்தகத்தைக் கையால் தொட மாட்டார். அளவெட்டியில் இருந்து சைக்கிளில் வருகிற ரஜனி தையல்காரி. யாளிகளுக்கு லாடம் அடிக்கிற ஒரு பெண்ணின் கதையை அவள் ஐந்து மாதமாக வாசிக்கிறாள், நாங்களும் அவளோடு சேர்ந்து ஐந்து மாதமாக அந்தப் பட்டறையில்தான் இருக்கிறோம். எங்களிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. யாரும் முடிவைச் சொல்லக் கூடாது. வாய் தவறிச் சொன்னவர் அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் வடை வாங்கி வர வேண்டும். நான் கணக்கு ரீச்சராக இருந்த குணம் போகவில்லை, ஒருநாள் ஒரு கப்பல் மூன்று நாளில் அவ்வளவு தூரம் போக முடியாது என்று சுவர்ப் பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். நவம் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "ரீச்சர், பறவையெல்லே இழுக்குது" என்றார். நான் அழித்துவிட்டேன். உன் அப்பா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்த முதல் நாள் அதுதான்.

இனி மீன்காரன் விசயத்துக்கு வருகிறேன். அவருக்குப் பெயர் இருக்கிறது. அந்தோனி. உனக்கும் அது தெரியும், சின்ன வயதில் குருநகரில் இருந்து வருகிற அவருடைய சைக்கிள் ஹோர்ன் சத்தம் கேட்டால் வாசல் படலைக்கு முதலில் ஓடுகிறவன் நீதான். நீ நேற்று அந்தச் சொல்லைச் சொன்ன விதத்தில் இருந்தது தொழில் அல்ல, வேறு ஒன்று. அது என்னவென்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஆனால் உன்னைக் கோபித்து என்ன பயன், அதை உனக்குப் பழக்கியது இந்த வீடு. வெயிலில் வந்த மனிசனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கிணற்றுக் கட்டில் ஒரு தகர டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது நான். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய், எல்லோரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று பாடிவிட்டு வந்து, திங்கட்கிழமை அந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

உனக்கு அந்த அட்டை இல்லாத புத்தகம் ஞாபகம் இருக்க வேண்டும். சண்டையில் பாதை பூட்டிக் கிடந்த காலம், கடைகளில் சீனிக்கே வரிசை, புதுப் புத்தகம் என்று ஒன்று கண்ணில் படாது. நீ உயர்தரச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அப்பா அதைக் கொண்டுவந்து, பட்டினத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன் என்றார். நகருகிற தீவைத் தேடிப் போகிற கடம்பன் என்கிற ஒருவனுடைய கதை. அவன் கீறுகிற கடற்படம் எல்லாம் பிழை, பிழையான படத்தை வைத்துக்கொண்டே போவான். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது, பௌதிகக் கொப்பிக்குள் அந்தப் புத்தகம் இருந்தது என்பது மட்டும்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்து நீ வாசித்துக்கொண்டிருந்தாய், நான் வந்து நின்றதுகூட உனக்குத் தெரியவில்லை. நான் வளர்ந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நாவலைத் தொட்டால் இராச்சாப்பாடு கிடையாது. புத்தகம் என்றால் பாடப்புத்தகம், மற்றது கதைப்புத்தகம், அது புத்தகத்தில் சேர்த்தி இல்லை. அப்பா விறாந்தையில் இருந்து, "பிள்ளை வாசிக்கட்டும், விடும். பொழுதெல்லாம் கணக்கே செய்யிறது?" என்றார். நான் விடவில்லை.

நான் புத்தகத்தைப் பறித்திருந்தால்கூட நீ என்னை மன்னித்திருப்பாய். நான் செய்தது அதைவிடக் கெட்டித்தனமான வேலை. கடைசி அத்தியாயத்தை, இருபத்தெட்டுப் பக்கத்தையும், தையலோடு பிடித்துக் கிழித்தெடுத்தேன். "மிச்சத்தை வாசி. முடிவு வேணுமெண்டால் சோதனையிலை நல்ல மறுமொழி கொண்டா" என்றேன். பிள்ளைகளைப் படிக்கவைக்கிற வித்தை தெரிந்தவள் என்று எனக்கு அப்போது ஒரு பெருமையும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மற்ற ரீச்சர்மாருக்கும் சொன்னேன், அவர்களும் நல்ல யோசனை என்றார்கள். நீ கிழிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போய்ப் பௌதிகத்தை எடுத்தாய். இந்த மண்ணை விட்டு வெளியே போக உனக்கு அந்தச் சோதனையைத் தவிர வேறு வழி இல்லை என்று நான் நம்பினேன். பயத்தில் செய்தேன் என்று சொல்லலாம், அது உண்மையும்தான், ஆனால் பயத்தில் செய்தாலும் கிழித்தது கிழித்ததுதான்.

மறுமொழி வந்தது. மூன்று பாடத்திலும் எஸ், வெறும் சித்தி. பொறியியலுக்குக் காணாது. அன்று பின்னேரம் சொந்தக்காரர் எல்லாம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள், எல்லோருக்கும் தேத்தண்ணி வைக்க வேண்டும், எரிபொருள் இல்லாத காலம், விறகடுப்புத்தான். நான் அலுமாரிக்குள் இருந்த அந்த இருபத்தெட்டுப் பக்கத்தையும் எடுத்து அடுப்புக்குள் வைத்தேன். பிறகு நீ ஒரு தரம், ஒரே ஒரு தரம், "அம்மா, அந்தத் தாள்கள்?" என்று கேட்டாய். இடம் மாறி எங்கேயோ துலைந்துவிட்டது என்றேன். துலையவில்லை தம்பி. நான் எரித்தேன். தேங்காய்ப் பொச்சு நனைந்திருந்தது, அடுப்பு மூட்ட வேறு ஒன்றும் இல்லை என்று இத்தனை வருசமாக எனக்கு நானே சொல்லி வந்தேன். அதுவும் பொய். காய்ந்த தென்னம் பன்னாடை கைக்கெட்டிய தூரத்தில் கிடந்தது. எனக்கு உன் மேல் கோபம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ ஒரு கதைப்புத்தகத்தைத் தொட்டதை நான் காணவில்லை. கொழும்புக்குப் போனாய், காப்புறுதிக் கொம்பனியில் நல்ல வேலை எடுத்தாய், நான் எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னேன். எதை இழந்தாய் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.

அப்பா போய் மூன்று மாதம் கழித்து அவருடைய உடுப்பு அலுமாரியை ஒதுக்கினேன். வேட்டிகளுக்குக் கீழே, பழைய பேப்பரில் சுற்றி, அந்தப் புத்தகம் இருந்தது. கிழிந்த ஓரத்தைப் பிளேட்டால் நேராக வெட்டி, பிரிந்த இடத்தைப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார். இருக்கிற கடைசிப் பக்கத்தின் அடியில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தார்: "மிச்சம் அம்மாவிடம் இருக்கிறது." உனக்காக எழுதியது அது. நான் எப்போதோ ஒருநாள் அந்தத் தாள்களைத் தருவேன் என்று அந்த மனிசன் சாகிற வரைக்கும் நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார், என்னிடம் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. நான் கட்டிலில் இருந்து அழுதேன். பிறகு, எதைத்தான் எரித்தேன் என்று பார்க்கலாம் என்று முதலாம் பக்கத்தைத் திறந்தேன். அன்று மத்தியானம் உலை வைக்கவில்லை. கடம்பன் எல்லாப் பிழைகளையும் தாண்டி, உடைந்த துடுப்போடு, நகருகிற தீவின் வாசலில் நிற்கிறான். "கதவு அசைந்தது" என்று முடிகிறது பக்கம். அடுத்த பக்கம் இல்லை. ஐயோ என்று என் வாயில் வந்தது. பதினெட்டு வயதில் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. தெரியாமல் போன அந்த முடிவுக்காக எனக்கே அவ்வளவு ஆத்திரம் வந்தது என்றால் உனக்கு எவ்வளவு வந்திருக்கும்.

அந்தப் புத்தகம் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்கத்தான் நான் முதன்முதலில் வாசிகசாலைக்குப் போனேன். அங்கே அந்தோனி இருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா, அவர் இருந்த வாங்கில் இடம் இருந்தும் மற்றப் பக்கம் போய்த் தனிக் கதிரையில் இருந்தேன். எனக்கு அறுபத்தைந்து வயது அப்போது, இன்னும் அந்த டம்ளர் என் தலைக்குள் கவிழ்ந்து கிடந்தது. புத்தகத்துக்குப் பெயர் தெரியாது என்றேன். "அப்ப கதையைச் சொல்லுங்கோ" என்றார் நவம். நகருகிற தீவு, கடம்பன் என்று தொடங்கினேன். அந்தோனி எழும்பி வந்து என் கையில் இருந்த புத்தகத்தை வாங்கி, முதல் தாளைப் புரட்டி, மூலையில் இருந்த ஒரு மைக்கறையைப் பார்த்தார்.

"ரீச்சர், இது என்ரை புத்தகம்," என்றார். "அட்டையைக் கிழிச்சது என்ரை மூத்தவன். படலையிலை வைச்சு ஐயாவிட்டைக் குடுத்தனான், தம்பி வாசிக்கட்டும் எண்டு. ரீச்சருக்குச் சொல்லாதை எண்டவர்."

விளங்குகிறதா? பட்டினம், பழைய புத்தகக் கடை, எல்லாம் அப்பா சொன்ன கதை. அந்தக் கையில் இருந்து வந்த புத்தகம் என்று தெரிந்தால் நான் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு தகர டம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டுப் போன மனிசன், அந்தப் பஞ்ச காலத்தில் தன்னிடம் இருந்த ஒரு புத்தகத்தை என் பிள்ளைக்கு இரவல் கொடுத்திருக்கிறார். நான் அதைக் கிழித்து அடுப்பில் வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் முன்னால், "கடைசிப் பக்கங்களை நான் எரிச்சுப்போட்டன் அந்தோனி" என்றேன். முதல்முறையாக அவரை முகத்துக்கு முகம் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அப்போதுதான். அவர் புத்தகத்தை மூடி என் கையில் தந்தார். "காரியமில்லை. நாலைஞ்சு தரம் வாசிச்சனான். முடிவு எனக்கு மனப்பாடம்" என்றார். நான் புத்தகத்தை அவரிடமே கொடுக்கப் பார்த்தேன். வாங்கவில்லை. "தம்பிக்கெல்லே குடுத்தனான். தம்பி முடிச்சுப்போட்டுத் தரட்டும்."

இரண்டு வருசமாக அந்தப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது, அதற்கு அடுத்த சனிக்கிழமையில் இருந்து நான் அந்த வாங்கில்தான் இருக்கிறேன். எங்கள் சட்டத்தை ஒருநாள் மட்டும் தளர்த்தி அந்தோனி முடிவைச் சொல்லலாம் என்று எல்லோரும் கை உயர்த்தித் தீர்மானம் எடுத்தார்கள், வடையை நவம் பொறுப்பெடுத்தார். நான்தான் வேண்டாம் என்றேன். அது என் மகன் முதலில் கேட்க வேண்டியது, அவன் வரட்டும் என்றேன். நீ இரண்டு நத்தார்ப் பண்டிகைக்கு வந்தாய். இரண்டு தரமும் சொல்ல வெளிக்கிட்டு, உன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தேன். பயந்தாங்கொள்ளி நான். ஆனால் இனிப் பயப்பட நேரம் இல்லை. வருகிற மாதம் அந்தோனிக்குக் கொழும்பில் நெஞ்சு ஒப்பரேசன். போன கிழமை அவரே பகிடியாகச் சொன்னார், "ரீச்சர், நான் போய்ச் சேர்ந்தா கடம்பனும் வாசல்லையே நிக்கவேண்டியதுதான்." எல்லோரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. அப்பாவிடம் கேட்காமல் விட்டவை போதும். இந்தச் சனிக்கிழமை சொல்லும் என்று அவரிடம் நாள் குறித்துவிட்டேன். அதற்கு மூன்று நாள் கழித்துத்தான் நீ ரெலிபோன் எடுத்து அதே சனிக்கிழமை, அதே நாலு மணி என்றாய்.

கலியாணம் செய்யப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டுமாம், சொல்கிறேன். அந்தப் பிள்ளையிடம் அது படித்தது என்ன, சம்பளம் என்ன என்று நீ கேட்டிருப்பாய். இப்போது என்ன வாசிக்கிறாய் என்று கேட்டாயா? கேள். ஒன்றும் வாசிக்கவில்லை என்றால் பரவாயில்லை, என்ன பார்க்கிறாள், எதில் தன்னை மறந்து இருக்கிறாள் என்று கேள். அதை ஒருநாளும் பிணையாக வைத்து அவளிடம் ஒன்றையும் வாங்கப் பார்க்காதே. இதைச் செய்தால் அதைத் தருவேன் என்று நான் உன்னிடம் பேரம் பேசினேன், கடைசியில் இரண்டும் கிடைக்கவில்லை. உன் அப்பாவைப் போல நல்லதை ஒளித்துச் செய்யவும் பழகாதே. அவர் என்னோடு சண்டை பிடித்திருக்க வேண்டும், அந்தோனியை உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தியிருக்க வேண்டும். அவர் அமைதியானவர், நான் அந்த அமைதியை என் வசதிக்கு எடுத்துக்கொண்டேன். உன் வீட்டில் சத்தமாகச் சண்டை பிடியுங்கள். அது எவ்வளவோ மேல்.

அவையள் வந்து பார்க்கும்போது நான் வெள்ளைச் சேலையும் மடியில் வேதப்புத்தகமுமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறாய். வேதப்புத்தகம் நான் காலையில் வாசிக்கிறேன், அதை ஒருவருக்கும் காட்சிக்கு வைக்க மாட்டேன். ஐந்து பாகக் கதை ஒன்றில் மூன்றாம் பாகத்தில் நிற்கிறேன், அதில் ஒரு கிழவி தன் தலைமயிரைக் கயிறாகத் திரித்து ஒரு கோட்டையை இழுத்துக்கொண்டு போகிறாள், அதையும் கேட்கிறவர்களுக்குச் சொல்வேன். அலுமாரியைப் பூட்ட மாட்டேன். யாரோடு ஒரே வாங்கில் இருக்கிறேன் என்றும் ஒளிக்க மாட்டேன். இதைக் கேட்டு ஒரு சம்பந்தம் குழம்பும் என்றால், இப்போதே குழம்பட்டும். உன் கலியாணம் குழம்ப வேண்டும் என்று எந்தத் தாய் நினைப்பாள்? ஆனாலும் மாட்டேன். உன்னுடைய கதையின் முடிவை நான் கிழித்தேன், அதற்காக என்னுடையதை உன் கையில் கிழிக்கத் தர முடியாது.

ஆகையால் இப்படிச் செய். வீட்டைப் பூட்டித் திறப்பைச் செவ்வரத்தைச் சாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போவேன். குசினியில் பலகாரம் மூடி வைத்திருப்பேன். அவையள் வந்தால் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, அம்மா வாசிகசாலையில் என்று சொல்லி எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா. ரஜனியிடம் நாலு கதிரை அதிகமாகப் போடச் சொல்லியிருக்கிறேன், உனக்கு மட்டும் கதிரை இல்லை, அந்தோனிக்குப் பக்கத்தில் வாங்கில் இடம் இருக்கும். ஐந்து மணிக்கு அவர் தொடங்குவார். கடம்பன் வாசலில் நிற்கிற இடத்தில் இருந்து தொடங்குவார். புத்தகம் என்னுடைய கைப்பையில் இருக்கும், முடிந்த பிறகு அதை நீ உன் கையால் அவரிடம் திருப்பிக் கொடு.

நீ வராவிட்டாலும் நான் கேட்பேன். கேட்டு முடித்து, நானே புத்தகத்தைக் கொடுப்பேன். "தம்பி முடிச்சிட்டானோ?" என்று அவர் கேட்பார். இல்லை, வந்து கேட்கச் சொன்னேன், அவன் வரவில்லை என்று அவரிடம் உண்மையைச் சொல்வேன்.

அம்மா